முதிய பூனைக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம்

விழா மலர்களில் எழுதப்படும் பொருள்கள் இன்னவை என்பதை யாம் அறியாதவரல்லேம். தாபகர் நினைவும், அதிபர் பெருமையும், விடுதிச் சாப்பாட்டின் குறையும், துடுப்பாட்டப் போட்டியிற் பெற்ற வெற்றியும், தோல்வியாயின் நடுவரின் கண்பார்வையும் அவற்றுள் தலையாயன. அவற்றை எழுதுதற்கு எம்மினும் தகுதியுடையார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பூனை. அதுவும் முதிய பூனை. அதன்மேலும் நோயுற்ற பூனை. கல்லூரி மலரிற் பூனைக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க. அப்பூனைக்கு ஒரு வீடு தேடிக் கொடுப்பதற்கு எமக்குத் துணைநின்றது, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரி வகுப்பறையிற் கற்ற ஒரு பாடமே.

அக்காலத்திற் கல்லூரியை விட்டு நீங்கும் மாணவன் அதிபரிடம் நற்சான்றுப் பத்திரம் பெற்றுச் செல்வான். அதனைத் தட்டெழுதிப் பல படிகள் எடுத்து, வேலை தேடிக் கந்தோர் கந்தோராகக் கொண்டு திரிவான். எமக்கு ஆங்கிலம் போதித்த ஆசிரியர் ஒருவர், மேல்வகுப்பு மாணவரை ஒருவருக்கொருவர் நற்சான்றுப் பத்திரம் எழுதும்படி பணிப்பார். "இவன் மிக நல்லவன்" என்று எழுதியவனுக்குப் புள்ளி கிடையாது. "எதில் நல்லவன்? எதற்கு ஆகாதவன்? நாளைக்கு இவனை நம்பி வேலை கொடுப்பவன் ஏமாறாமல் இருக்க நீ என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்பார். நற்சான்று புகழ்ச்சியன்று, கொடுப்பவன் நிற்கும் பிணை என்பது அவர் கொள்கை. அப்பாடம் எமக்கு உத்தியோகத்திற் பயன்பட்டது சிறிது. ஓய்வுபெற்றபின் பயன்பட்டதே பெரிது.

யாம் இப்பொழுது இலண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியில் வாழ்கின்றோம். யாம் என்று இங்கே கூறுவது எம்மையும் எம் இல்லத்தரசியையும். எமது வீட்டில் ஒருமையிற் செய்யப்படும் கருமம் எதுவும் இல்லை. வீடற்ற பூனைகளைப் பேணும் காப்பகம் ஒன்றிற்கு 2021-ஆம் ஆண்டு முதல் கிழமையில் இரு நாள் சென்று, கூடுகளைத் துப்புரவு செய்தும், தண்ணீர் மாற்றியும், பூனைகளோடு இருந்தும் வருகின்றோம். "உத்தியோகத்தில் இருந்தபோது மனிதரோடு இருந்தீர்கள்; இப்போது பதவி உயர்வு" என்று நண்பர் ஒருவர் எம்மை வாழ்த்தினார்.

இவ்வகைக் காப்பகங்களின் வரலாறு அறியத்தக்கது. 1860-ஆம் ஆண்டில் மேரி ரீல்பி என்னும் அம்மையார் இலண்டனில் ஹொலோவே என்னுமிடத்தில், தவறிப்போனவையும் பசியால் வாடுவனவுமான நாய்களுக்கென ஒரு தற்காலிக இல்லத்தைத் தொடங்கினார். ஏழை மக்கள் பட்டினி கிடக்க நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் அவரை எள்ளி நகையாடின. சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழோ 1862-ல் அவ்வில்லத்தைப் பாராட்டி எழுதியது. 1871-ல் அது பற்றர்சீ என்னுமிடத்துக்கு மாறியது. 1883 முதல் பூனைகளையும் ஏற்றது. இன்றும் அவ்விடத்தில் அது பணி செய்துவருகின்றது. தொடங்கியபோது அதற்கு இட்ட பெயரில் 'தற்காலிக' என்னும் சொல் இருந்தது கருதத்தக்கது. காப்பகம் எத்துணை நல்லதாயினும் அது மடமேயன்றி வீடாகாது.

மடம் என்றவுடன் நம் ஊர் நினைவுக்கு வருதல் இயல்பு. பருத்தித்துறையில் தெருவையே மூடி நிற்கும் தெருமூடி மடத்தை அறியாதார் நம்முள் இலர். மடத்துக்கு அருகிலே கேணியும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் தம் உடலை உரோஞ்சித் தினவு தீர்க்க ஆவுரோஞ்சிக் கல்லும் நம் முன்னோர் அமைத்தனர். அவ்வழியே செல்லும் மாட்டுக்கு என்ன தேவை என்று ஒருவர் எண்ணிப் பார்த்தே அக்கல்லை நட்டிருத்தல் வேண்டும். ஐயோ பாவம் என்று கூறிவிட்டு அப்பாற் செல்வோன் கல் நடுவதில்லை. இரக்கம் வேறு, தேவையறிதல் வேறு என்பதற்கு அக்கல்லே சான்று.

இனிப் பூனைக்கு வருவோம். மேபல் என்னும் அப்பெண் பூனை 2023 ஒக்டோபர் மாதத்தில் காப்பகத்துக்கு வந்தது. சாம்பல் நிறத்திற் கருவரிகள் ஓடிய உடல், வயது 13, மனிதர் வயதிற் கூறின் எழுபதை அணுகும் பருவம். அதனை வளர்த்த மூதாட்டியார் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றிற் சேர்ந்தார். அவ்வில்லத்திற் பூனைக்கு இடமில்லை. பெட்டியோடும், ஒரு பழைய கம்பளித் துண்டோடும் வந்த மேபல், அத்துண்டின்மேல் முகத்தைச் சுவர்ப்பக்கமாக வைத்துப் படுத்துக்கொண்டது.

மிருக வைத்தியர் பரிசோதித்ததில் இரண்டு நோய்கள் வெளிப்பட்டன. ஒன்று, தைரொயிட்டுச் சுரப்பியின் மிகைச் சுரப்பு. பூனைகளிடத்து இந்நோய் 1979-ஆம் ஆண்டிலேயே முதன்முதல் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது. இன்றோ முதிய பூனைகளிடத்து மிகச் சாதாரணமாகக் காணப்படுகின்றது. உண்ண உண்ண உடல் மெலியும். இதயம் விரைந்து துடிக்கும். இரவில் உரத்துக் கத்தும். மற்றொன்று, சிறுநீரகத் தளர்ச்சி. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைக்கும் இயல்பின. மிகைச் சுரப்பினாற் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தவோட்டம் மிகுந்து, அதன் பழுது வெளிக்குத் தோன்றாது. சுரப்பை மருந்தால் அடக்கியபின்னரே சிறுநீரகத்தின் உண்மை நிலை தெரியவரும். ஆதலின் மருந்தின் அளவை இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்தே நிறுத்தல் வேண்டும்.

காப்பகத்தார் மேபலின் படத்தை வெளியிட்டு, 'அமைதியான முதிய பூனை, அன்பான வீட்டை நாடுகிறது' என்று அதன்கீழ் எழுதினர். மூன்று குடும்பத்தார் வந்தனர். முதலில் வந்தோரின் சிறுமகன் விளையாடப் பூனை வேண்டுமென்றான். மேபலோ விளையாட்டைக் கைவிட்டுப் பல்லாண்டாயிற்று. அடுத்து வந்தோர் நோயின் பெயரைக் கேட்ட அளவில் அடுத்த கூட்டிலிருந்த குட்டிகளிடம் சென்றுவிட்டனர். மூன்றாவதாக வந்த பெண்மணி மெய்யாகவே விரும்பினார்; ஆயின் அவர் வைத்தியசாலையிற் பன்னிரண்டு மணி நேரம் முறைவேலை செய்பவர். காலையும் மாலையும் குளிசை கொடுக்க இயலாதென்று கண்ணீரோடு திரும்பினார். இவர்களுள் எவரிடத்தும் குறை காண்பதற்கில்லை. வந்தவர்களுக்கு உண்மை முன்னரே தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே.

வைணவ நூல்களிற் கூறப்படும் மார்ச்சார நியாயத்தையும் மர்க்கட நியாயத்தையும் நம் கல்லூரியிற் சமயம் கற்றோர் அறிவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கௌவிச் செல்லும். காப்பகத்தில் யாம் கண்டது இதற்கு மாறானது. பூனைக்குட்டிகளே குரங்குக்குட்டிகள்போல வருவோரைத் தாமே பற்றிக்கொள்கின்றன. ஒரு பார்வையும் ஒரு துள்ளலும் போதும், வீடு கிடைத்துவிடும். முதிய பூனையோ எவரையும் பற்றமாட்டாது. அதனை யாரேனும் கௌவிச் செல்லுதல் வேண்டும்.

காலம் தாழ்த்தற்கும் இடமில்லை. வந்தபோது 3.9 கிலோ இருந்த மேபல், தைப்பொங்கல் அளவில் 3.4 கிலோவாகியது. மருந்து வேலை செய்தபோதும், அயலிற் குரைக்கும் நாயின் ஒலியும் அறியாத வாசனையும் அதனை உண்ணவிடவில்லை. பூனை சில நாள் தொடர்ந்து உண்ணாதொழியின் உடற்கொழுப்பு ஈரலிற் சேர்ந்து உயிருக்கே இறுதி நேரும் என்று வைத்தியர் எச்சரித்தார். எமது வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்றாலோ அங்கே ஏற்கெனவே இரு பூனைகள் ஆட்சி செய்கின்றன. மேபல் பிற பூனையைக் கண்டால் நடுங்கும். ஆகவே, அறிவித்தலை எழுதும் பொறுப்பை எம்மிடம் தரும்படி காப்பகத்தாரை வேண்டினோம். "நோயையெல்லாம் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்களே" என்று அங்கு பணிபுரியும் இளம்பெண் கவலையுற்றார். "வரவேண்டியவர் ஒருவர்தாமே, பிள்ளை" என்றோம். யாம் எழுதியதன் தமிழாக்கம் வருமாறு:

"இப்பத்திரத்துக்குரிய மேபல் என்னும் பூனைக்கு வயது 13. ஒரே வீட்டில் ஒரே மூதாட்டியுடன் வாழ்ந்தது; அவர் பராமரிப்பு இல்லம் சேர்ந்தமையால் வீட்டை இழந்தது; தன் குற்றத்தாலன்று. தைரொயிட்டு மிகைச் சுரப்புக்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு குளிசை வாழ்நாள் முழுதும் கொடுத்தல் வேண்டும். சிறுநீரகம் தளரத் தொடங்கியுள்ளது; அதற்கேற்ற உணவும், மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தப் பரிசோதனையும் வேண்டும். முன்னரே உள்ள நோய்களாதலின் வழமையான காப்புறுதி இச்செலவை ஏற்காது. பரிசோதனைச் செலவைக் காப்பகம் ஏற்கும். சிறு பிள்ளைகளையும் பிற பூனைகளையும் பொறாது. சைவ உணவில் வாழாது. மடியில் ஏறாது, பக்கத்தில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை குரல் கொடுக்கும். ஓராண்டு வாழலாம், நான்காண்டும் வாழலாம். பகலில் வீட்டிலிருந்து, மணிக்கூடு பார்த்து நடக்கும் ஒருவருக்கு இது ஏற்ற துணை. நெடுநாள் வெளியூர் செல்வோர் இதனை ஏற்க வேண்டா."

இதனைக் காப்பகத்தார் வெளியிட்டனர். யாமும் நம் பழைய மாணவரின் வட்ஸ்அப் குழுவில் இட்டோம். அதிபர் எங்களுக்குக்கூட இவ்வளவு நீளமாக எழுதித் தரவில்லையே என்றார் ஒருவர். இப்பூனைக்கு விடுதி மேற்பார்வையாளர் பதவி கொடுக்கலாம் என்றார் வேறொருவர். இவ்வாறு இரு நாள் சிரித்துத் தீர்ந்தபின், மூன்றாம் நாள் இரவு நம் கல்லூரியில் எமக்குப் பல வகுப்பு மூத்தவராகிய அண்ணர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மனைவியை இழந்து ஹரோவில் தனித்து வாழ்பவர். அப்போது வயது 78.

"தம்பி, அந்தப் பூனைக்குச் சுரப்பு மிகுதி என்று எழுதியிருக்கிறீர். எனக்குச் சுரப்புக் குறைவு. இருபது வருடமாகக் குளிசை எடுக்கிறேன். இரண்டு பேருக்கும் சராசரி பார்த்தால் ஒருவருக்கும் நோயில்லை" என்றார். யாம் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. தொடர்ந்து மூன்று கேள்விகள் கேட்டார்.

முதற்கேள்வி உணவு பற்றியது. அவர் பிறந்தநாள் தொட்டுச் சைவ உணவினர். அவர் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதே இல்லை. பாலும் சோறும் கொடுத்தால் ஆகாதா என்றார். ஆகாது என்று சொல்லவேண்டியிருந்தது. ரோறின் என்னும் சத்தை மனித உடல் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் தனக்கு வேண்டிய அளவு ஆக்கமாட்டாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே பெறுதல் வேண்டும். அது குறைந்தாற் பார்வை கெடும். இதயத்தசை தளர்ந்து நோயுறுதற்கும் அக்குறைவே காரணமாகலாம் என்பதைக் கலிபோர்னியா ஆய்வாளர் 1987-ல் நிறுவினர். பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. அண்ணர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அடுப்பு என்னுடையது, தட்டு அதனுடையது. பின்கதவடியில் வைத்துக் கொடுத்தாற் போகிறது" என்றார். ஊரிலே அவர் வீட்டுக் கொம்பறையில் நெல்லைக் காத்த பூனையும் சைவமாக இருந்திராது என்பது அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

இரண்டாவது கேள்வி, இரவு இரண்டு மணிக்கு அது ஏன் கத்துகிறது என்பது. நோயின் இயல்பு என்றும், முதுமையிற் செவியும் திசையறிவும் தளர்வதாலும் ஆகலாம் என்றும் கூறினோம். "சரி, நானும் அந்நேரம் விழித்துத்தான் இருப்பேன்" என்றார்.

மூன்றாவது கேள்விக்கே எம்மிடம் உடனே விடையில்லை. "நான் முந்திப் போனால் இதை ஆர் பார்ப்பது?"

அவருடைய மகளும் இதனையே கேட்டார். "அப்பா, உங்களைப் பார்க்கவே ஓர் ஆள் வேண்டும்" என்பது அவர் வாதம். தந்தையாரை முதியோர் குடியிருப்பொன்றிற் சேர்க்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. அங்கே பூனைக்கு அனுமதி இல்லை என்பதையும் அவர் அறிவார். இந்த வயதிற் பூனை கொடுப்பது தந்தைக்குத் துணை கொடுப்பதா, தளை கொடுப்பதா என்று அவர் எம்மை நேரிற் கேட்டார். நியாயமான கேள்வி. மேபலை மூதாட்டியிடமிருந்து பிரித்த அதே வாயில், ஓரிரு ஆண்டில் மீண்டும் அதன்முன் வந்து நிற்குமாயின், நாம் செய்வது உபகாரமாகாது.

அண்ணர் அன்று கூறியதை அவர் மகளும் அதுவரை கேட்டதில்லையாம். 1995 ஒக்டோபர் 30-ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் ஒருசேரப் புறப்பட்டபோது, அவர் தாயாரும் மழையில் நடந்து சாவகச்சேரிக்குச் சென்றார். புறப்படுமுன் வீட்டுப் பூனைக்கு ஒரு சட்டியிற் சோறும் ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்துக் குசினிக் கதவைத் திறந்து விட்டாராம். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது சட்டிகள் இருந்தன. அதன்பின் இலண்டனுக்குத் தொலைபேசியிற் பேசிய போதெல்லாம், வீடு உடைந்ததைச் சொல்வதற்கு முன்னே அவ்விரு சட்டிகளையே அம்மையார் சொல்வாராம். "அவ நேரமில்லாமல் விட்டுவிட்டுப் போனவ. எனக்கு நேரம் இருக்கிறது; முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு எடுக்கிறேன்" என்றார் அண்ணர்.

அவ்வாறே ஒரு தாளில் எழுதினோம். அண்ணர் வைத்தியசாலைக்குச் செல்லின் மகள் காலையும் மாலையும் வந்து குளிசை கொடுப்பது. ஒரு மாதத்துக்கு மேற்பட்டால் யாம் எமது வீட்டில் ஓர் அறையைத் தனியே ஒதுக்கிப் பேணுவது. எமக்கும் வயது 71 ஆதலின், எம்மாலும் இயலாதாயின் காப்பகம் மீள ஏற்பது. முதியோர் குடியிருப்புக்குப் போவதென்றாற் பூனையை அனுமதிக்கும் இடத்தை முதலில் தேடுவது. அண்ணரும், மகளும், யாமும், காப்பகத்தாரும் கையொப்பமிட்டோம். பூனைக்குத் தோலின்கீழ் வைக்கும், அரிசிமணியளவான அடையாளச் சில்லின் பதிவிலும் அண்ணரின் பெயரோடு மகளின் தொலைபேசி எண்ணையும் சேர்த்தோம். 2024 ஜூன் 10 முதல் இச்சில்லு இங்கிலாந்தில் வீட்டுப் பூனைகளுக்குச் சட்டப்படி கட்டாயமாயிற்று. எண் பழையதாயின் சில்லினாற் பயனில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லி வைக்கின்றோம்.

2024 பெப்ரவரியில் மேபல் ஹரோவுக்குச் சென்றது. முதற்கிழமை முழுதும் ஓர் அறையில் மட்டுமே விடப்பட்டது. அதன் கம்பளித் துண்டு கழுவப்படாமலே கட்டிலின் கீழ் வைக்கப்பட்டது. மூட்டுவலியுள்ள காலுக்கு ஏற்றவாறு மணற்றட்டின் ஒரு பக்கம் தாழ்த்தி வெட்டப்பட்டது. தண்ணீர்க் கிண்ணங்கள் மூன்று மூன்றிடங்களில் வைக்கப்பட்டன. சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு நீரே முதல் மருந்து. பூச்சாடியிலிருந்த லில்லி மலர்கள் அகற்றப்பட்டன. அவற்றின் மகரந்தமும் பூனைக்கு நஞ்சு. அண்ணரின் பரசிற்றமோல் போத்தல் அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. ஒரு குளிசையே பூனையைக் கொல்லவல்லது. மேபலின் குளிசையைப் பொடியாக்காது முழுதாகவே உணவுருண்டையில் வைத்துக் கொடுத்தலும், தொட்ட கையைக் கழுவுதலும் கற்பிக்கப்பட்டன. எட்டாம் நாள் அண்ணர் அழைத்து, "தம்பி, உமது பத்திரத்தில் ஒரு பிழை. இரண்டு மணிக்கன்று, இரண்டேகாலுக்குக் கத்துகிறது" என்றார். அவர் மணிக்கூடு பார்த்து நடப்பவர் என்பது அப்போதே உறுதியாயிற்று.

இதனை எழுதும் நாளில் மேபலுக்கு வயது 15. நிறை 3.8 கிலோ. சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளர்ந்தே வருகின்றது; அது மீளாது. அண்ணர் அதனை அறிவார். ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் நம் கல்லூரிக் கொப்பி போன்ற ஒன்றிற் குறித்து வைக்கின்றார். மகள் கிழமைக்கொரு முறை வந்தவர் இப்போது இருமுறை வருகின்றார். பூனையைப் பார்க்கவே வருவதாகச் சொல்லிக்கொள்கின்றார். மூதாட்டியாருக்கு மேபலின் படங்கள் மாதந்தோறும் தபாலிற் செல்கின்றன.

நம் பழைய மாணவருட் பலர் இன்று எழுபதைக் கடந்தவர். பலர் வீட்டிலே பூனையோ நாயோ உடன் முதிர்ந்து வருகின்றது. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்து இதனை முடிக்கின்றோம். வருத்தம் வந்து படுக்கையில் விழுமுன்னர், பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்கு விமானம் ஏறுமுன்னர், ஒரு தாளை எடுத்து உங்கள் பிராணிக்கு நற்சான்றுப் பத்திரம் ஒன்று எழுதி வையுங்கள். வயது, நோய், மருந்து, உணவு, பொறுக்கும் பொருள், பொறாத பொருள் யாவற்றையும் உள்ளவாறே எழுதுங்கள். அதன்கீழே, அடுத்து அதனை ஏற்க இசைந்த ஒருவரின் பெயரை, அவரிடம் கேட்டபின், எழுதுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள்; குறைத்தும் சொல்லாதீர்கள். மாணவராயிருப்போர் இப்பொழுதே பிறருக்குப் பத்திரம் எழுதிப் பழகுக. புள்ளி வழங்க ஆசிரியர் இன்று இல்லை. ஆயினும் அவ்வொரு தாளை நம்பியே ஓருயிர் நடு இரவில் ஓர் அந்நிய வீட்டின் வாயிலைக் கடக்க நேரலாம்.